நடுத்தர ஏ.டி.வி.க்களை எதைக்கொண்டு எடைபோடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் நடுத்தர ஏ.டி.வி.க்களை ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சாலையில்லாத நிலத்தில் ஓட்டுவதற்கென்றே உருவான இந்த நான்கு சக்கர வண்டிகளைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதுவோர் குறைவு என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், கட்டுரையின் பெரும்பகுதி என்ஜினின் சிசியையும் குதிரைத்திறனையும் வரிசைப்படுத்துவதிலேயே கழிந்துவிட்டது. கரடுமுரடான பாதைகளில் இவ்வண்டிகளை நெடுநாளாக ஓட்டியும் பழுதுபார்த்தும் வருபவன் என்ற முறையில், இந்தப் பிரிவில் ஒரு வண்டியை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் திறன் அன்று, அது இறக்கத்தில் நடந்துகொள்ளும் விதமும் பின்சக்கர அமைப்புமே என்பதை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நடுத்தரம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஏறத்தாழ 400 முதல் 570 சிசி வரையிலான வண்டிகள். வண்டியின் பெயரிலுள்ள எண்ணை அப்படியே என்ஜினின் அளவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. யமஹா கோடியாக் 450 என்ற வண்டியின் என்ஜின் 421 சிசி. ஹோண்டா ரான்சரின் என்ஜின் 420 சிசி. பெயரைப் பார்த்து 30 சிசி வித்தியாசம் என்று கணக்கிடுபவருக்கு உண்மையில் கிடைப்பது ஒரே ஒரு சிசிதான். சுசுகி கிங்குவாட் 400-இன் என்ஜின் 376 சிசி, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இன் என்ஜின் 567 சிசி. இந்நான்குமே ஒற்றை சிலிண்டர் என்ஜின்கள். திறந்த மணல்வெளியில் வேகமாகச் செல்வதற்குக் கூடுதல் திறன் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், கல்லும் வேரும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தொடாமல் ஓட்டுபவர், இருக்கிற திறனிலேயே பாதியைத்தான் பயன்படுத்துகிறார்.

செங்குத்தான ஏற்றத்தில் வண்டி திணறினால் நிறுத்திவிடலாம், வேறு வழி தேடலாம். இறக்கத்தில் அந்த வசதி இல்லை. இங்கேதான் கியர் அமைப்பின் குணம் வெளிப்படுகிறது. இந்தப் பிரிவில் பெரும்பாலானவை பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி. வகையைச் சேர்ந்தவை; அதாவது, தனித்தனி கியர்கள் இல்லாமல் விகிதம் தானாகவே மாறுபவை. என்ஜின் வேகம் கூடும்போது முன் புல்லியிலுள்ள எடைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, புல்லியின் இரு தட்டுகளும் நெருங்கி பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. ஆக்சிலரேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்ததும் தட்டுகள் விலகி பெல்ட் தளர்கிறது. இந்தத் தளர்ச்சிக்கு மாற்று ஏற்பாடு செய்யப்படாத வண்டி, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டதைப் போல உருளத் தொடங்கும். ஓட்டுபவர் பதறி முன் பிரேக்கை அழுத்தினால், ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கும் எடை முழுவதும் முன்சக்கரங்களின் மேல் விழுந்து, பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும் அபாயம் உண்டாகிறது. யமஹா தன் சி.வி.டி.யில் பெல்ட்டை எப்போதும் இறுக்கமாகவே வைத்திருந்து, ஒருவழி கிளட்ச் ஒன்றின் மூலம் என்ஜின் பிரேக்கிங், அதாவது விரலை எடுத்ததும் என்ஜினே வண்டியின் வேகத்தை மட்டுப்படுத்தும் விசை, நான்கு சக்கரங்களுக்கும் கிடைக்குமாறு செய்திருக்கிறது. வேறு சில நிறுவனங்களும் தத்தம் வழியில் இதற்குத் தீர்வு கண்டிருக்கின்றன. ஆனால் ஒரே நிறுவனத்தின் எல்லா வகைகளிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஹோண்டா ரான்சரோ பெல்ட்டையே தவிர்த்துவிட்டு, பற்சக்கரக் கியர்களைக் கொண்டிருக்கிறது. காலால் மாற்றும் வகை, பொத்தானை அழுத்தி மாற்றும் வகை, இரட்டை கிளட்ச் கொண்ட தானியங்கி வகை என்று அதில் பல உண்டு. காலால் மாற்றும் வகையிலும் கிளட்ச் லீவர் கிடையாது என்பதால் புதியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. முதல் கியரில் போட்டு விரலை எடுத்துவிட்டால் வண்டி தானாகவே நிதானமாக இறங்கும்.

அதற்காக சி.வி.டி. தாழ்ந்தது என்று சொல்லவரவில்லை. ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றத் தடுமாறி வேகத்தை இழக்கும் தொல்லை அதில் இல்லை. கவனம் முழுவதையும் பாதையில் வைக்கலாம். ஆனால் வாங்குபவர் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: முழு என்ஜின் பிரேக்கிங் உண்டா, மெதுவாகவும் பாரத்தோடும் செல்வதற்கான லோ கியர் தனியாக உண்டா, பெல்ட் பெட்டிக்குக் காற்று செல்லும் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓடையைக் கடக்கும்போது அந்தக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், என்ஜின் உறுமும், வண்டி நகராது. லோ கியரைப் பொறுத்தவரை, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் ஊர்ந்து செல்லும்போதும் பாரம் இழுக்கும்போதும் அதைப் பயன்படுத்தாமல் ஹை கியரிலேயே ஓட்டுவதுதான் பெல்ட் கருகிப்போவதற்கு முதன்மையான காரணம். பெல்ட் கருகியதற்கு உற்பத்திக் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சண்டையிடும் பலரிடம் விசாரித்தால், லோ கியரைத் தொட்டதே இல்லை என்பார்கள்.

அடுத்தது பின் ஆக்சில், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு. தங்கள் கட்டுரை, சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனை மேலானது என்றும், ஒரே தண்டாக அமைந்த ஆக்சிலைப் பழையது என்றும் ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே தண்டில் அமைந்த வண்டியில் இடது பின்சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால், ஆக்சில் முழுவதும் சரிந்து, வண்டியின் பின்பகுதியும் ஓட்டுபவரின் இடுப்பும் வலப்பக்கம் தூக்கியடிக்கப்படும். நாள் முழுவதும் கல்பாதையில் ஓட்டினால் மாலையில் முதுகு அதைச் சொல்லும். தனித்தனி சஸ்பென்ஷனில் அந்தச் சக்கரம் மட்டும் மேலெழுந்து இறங்க, உடல் ஏறக்குறைய நேராகவே இருக்கும். நடுவிலுள்ள தரை இடைவெளியும் கூடுதல். இவ்வளவும் உண்மை. ஆனால் பின்பக்கம் பாரம் ஏற்றும்போது தனித்தனி சஸ்பென்ஷன் அமிழ்ந்து, பெருமையாகச் சொன்ன தரை இடைவெளியில் ஒரு பகுதியை இழக்கிறது; ஒரே தண்டு ஆக்சிலின் கீழுள்ள இடைவெளி பாரத்தால் அவ்வளவாக மாறுவதில்லை. சரிவின் குறுக்கே செல்லும்போது வண்டியின் உடல் பக்கவாட்டில் சாய்வதையும் அது ஓரளவு தடுக்கிறது. மேலும், சக்கரம் ஏறி இறங்கும்போதும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. மூட்டுகளும் அவற்றை மூடும் ரப்பர் உறைகளும் ஒரே தண்டு ஆக்சிலில் பின்சக்கரங்களுக்கு இல்லை. ஒரு முள்ளோ கூரான குச்சியோ அந்த உறையைக் கிழித்தால், உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி, மணலும் சேறும் உள்ளே புகுந்து, மூட்டு தேய்ந்து, திருப்பத்தில் கடகடவென்ற ஒலி கேட்கத் தொடங்கும். அந்த ஒலி கேட்கும்போது உறையை மட்டும் மாற்றினால் போதாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தால் பின்பக்கம் டிஃபரென்ஷியலும் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் அமைப்பு) இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஏ.டி.வி.க்களில் இரு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழல்கின்றன. தளர்ந்த மண்ணில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சறுக்கிக் கொடுத்துவிடும் என்பதால் அது நன்மையே. தார்ச்சாலையில் அந்தச் சறுக்கலுக்கு இடமில்லை. வண்டி திரும்ப மறுக்கும், வேகமாகத் திருப்பினால் கவிழும். மென்மையான, காற்றழுத்தம் குறைந்த டயர்களும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. வீட்டிலிருந்து பாதை தொடங்கும் இடம்வரை சாலையிலேயே ஓட்டிச் சென்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு எந்த ஏ.டி.வி.யையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. சிலவற்றில் பொத்தானை அழுத்தியதும் முன்சக்கரங்களுக்கும் திறன் செல்லும். போலாரிஸ் அமைப்பில் பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கினால்தான் முன்சக்கரங்கள் தாமாக இணைகின்றன. முன் டிஃபரென்ஷியலை முழுவதும் லாக் செய்து இரு முன்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் வசதி சில வகைகளில் மட்டுமே கிடைக்கிறது. ஆழ்ந்த சேற்றில் அதன் அருமை தெரியும். லாக் செய்த நிலையில் ஹேண்டில்பார் கல்லாய்க் கனக்கும் என்பதும் தெரியும். ஆகவே லாக் வேண்டும் என்பவர் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கையும் சேர்த்தே வாங்குவது நல்லது. பவர் ஸ்டீயரிங் சுகத்துக்கான பொருள் என்று ஒதுக்கப்படுவதைப் பார்க்கிறேன். புல்லில் மறைந்திருக்கும் அடிமரத்தில் முன்சக்கரம் மோதும்போது ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பிக் கட்டைவிரலைத் தாக்கும் வேகத்தை அது பெருமளவு தணிக்கிறது. சிசியைக் கூட்டுவதா, பவர் ஸ்டீயரிங் சேர்ப்பதா என்ற நிலை வந்தால் நான் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

பிரேக் பழக்கமும் வண்டிக்கு வண்டி மாறும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேனில் இடக்கை லீவர் ஒன்றே எல்லாச் சக்கரங்களையும் பிடிக்கும். ஹோண்டாவில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லீவர்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஹோண்டாவின் முறை இயல்பாக வரும்.

நிலைத்தன்மையைப் பற்றித் தங்கள் கட்டுரை ஏதும் சொல்லவில்லை என்பதே என் பெரிய குறை. இவ்வண்டிகளின் வரலாறே கவிழ்வதோடு பிணைந்தது. ஹோண்டா 1970-இல் அறிமுகப்படுத்திய முதல் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. திருப்பங்களில் அவ்வகை வண்டிகள் கவிழ்ந்து ஏராளமானோர் காயமுற்றதையும் உயிரிழந்ததையும் தொடர்ந்து, அமெரிக்காவில் 1988-இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தின. நான்காவது சக்கரம் வந்த பிறகும் கவிழ்தல் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2020 அக்டோபர் முதல், வண்டி எத்தனை டிகிரி சாய்வில் கவிழத் தொடங்குகிறது என்பதைச் சோதித்து, அந்த எண்ணை விற்பனையின்போது வண்டியிலேயே அட்டையில் தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டு வண்டிகளில் கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் அமைப்பும் கட்டாயம். எந்த நாட்டில் வாங்குபவருக்கும் அந்தச் சாய்வு எண் குதிரைத்திறனைவிடப் பயனுள்ளது.

எடையும் அகலமும் இதோடு தொடர்புடையவை. இந்தப் பிரிவு வண்டிகள் பெரும்பாலும் 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். ஓட்டுபவர் தன் உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்தே வண்டியின் சமநிலையைக் காக்கிறார் என்பதால், உடல் மெலிந்தவருக்கு எடை குறைந்த வண்டியே கட்டுப்படும். அகலமான வண்டி சரிவில் உறுதியாக நிற்கும். குறுகிய பாதையில் நுழையாது. அமெரிக்கக் காடுகளில் பல பாதைகள் 50 அங்குலத்துக்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே திறந்திருக்கின்றன என்பதாலேயே இப்பிரிவின் பல வண்டிகள் 48 அங்குலத்தை ஒட்டி அமைக்கப்படுகின்றன. ஓட்டப்போகும் பாதையின் மிகக் குறுகிய இடத்தை முதலில் அளந்துவிட்டு வண்டியைப் பார்க்கப் போவது அறிவுடைமை. பெரியவர்களுக்கான இவ்வண்டிகளைப் 16 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பதும், ஒற்றை இருக்கை வண்டியில் நீளமான இருக்கை இருக்கிறதே என்று இன்னொருவரை ஏற்றக் கூடாது என்பதும் வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையிலேயே உண்டு.

சோதனை ஓட்டத்துக்கு முன் டயரின் காற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும் வாசகர்களுக்கு எழுதுங்கள். இந்த டயர்களுக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ 4 முதல் 7 பிஎஸ்ஐ போதும். காருக்கான அளவுமானியில் அது சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான மானி தனியாக வேண்டும். காற்று அதிகமிருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் முரட்டுத்தனமாகத் தோன்றும். இடது வலது சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். அந்த நிலையில் இரு வண்டிகளை ஒப்பிட்டுப் பயனில்லை.

கல்பாதையும் நெடுநேர ஓட்டமும் விரும்புவோர்க்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் முழு என்ஜின் பிரேக்கிங்கும் கொண்ட சி.வி.டி. வண்டியை நான் பரிந்துரைப்பேன். செங்குத்துச் சரிவுகளில் மெதுவாக இறங்கி ஏற வேண்டியவர்களும், பழுதுபார்க்கும் இடத்திலிருந்து வெகுதொலைவில் ஓட்டுபவர்களும், ஒரே தண்டு ஆக்சிலும் பற்சக்கரக் கியரும் கொண்ட எளிய வண்டியைப் பழையது என்று ஒதுக்க வேண்டாம். ரான்சரில் லோ கியர் தனியாக இல்லை என்பதை மட்டும் கனமான பாரம் இழுப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

தங்கள் அடுத்த ஒப்பீட்டில், ஒவ்வொரு வண்டியையும் ஒரே இறக்கத்தில், ஒரே எடையுள்ள ஓட்டுநரைக் கொண்டு, பிரேக்கைத் தொடாமல் இறக்கிப் பார்த்து அதன் வேகத்தைப் பதிவுசெய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதோடு சாய்வு எண், மொத்த அகலம், எரிபொருள் நிரப்பிய நிலையிலான எடை, லோ கியர் உண்டா இல்லையா என்ற விவரம் ஆகியவற்றையும் அட்டவணையில் சேர்த்தால், வண்டி வாங்கக் காத்திருக்கும் வாசகர்கள் தங்கள் பாதைக்கு ஏற்றதைத் தாங்களே முடிவுசெய்துகொள்ள இயலும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்