விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் கிட்டார்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த அரையாண்டு விடுமுறைக்குப் பள்ளியில் உள்ள நான்கு எலெக்ட்ரிக் கிட்டார்களையும் பிள்ளைகளிடமே கொடுத்து அனுப்புகிறோம். அலமாரியில் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும், சரி. ஆனால் யாருக்கும் வாசிக்க வராது.

போன வருடம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "விரல் வலிக்குது டீச்சர்" என்று சொல்லி வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஆர்வம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் இசை ஆசிரியர் அவள் வாசித்த கிட்டாரில் ஸ்கேலை வைத்து அளந்து காட்டினார். கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதற்கு மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அங்கே 2 இருந்தால் போதும். மெல்லிய கம்பிக்கு ஒன்றரை. ஆறு கம்பிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுவையில் நிற்கின்றன. அந்த இழுவையோடு ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர, நெக் என்கிற அந்தக் கழுத்து முன்பக்கமாக வளைந்துவிட்டது. அதன் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை அலன் கீயால் கால் சுற்று இறுக்கி, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடில்களை இறக்கியதும் கம்பி சுலபமாக அமுங்கியது. அவளைக் கூப்பிட்டேன், வந்தாள். ஆனாலும் இரண்டு மாதம் போனது போனதுதான். அது என் கவனக்குறைவு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்: பிள்ளை விரல் வலி என்றால் முதலில் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள்.

அடுத்தது நம் கடல் காற்றின் உப்பு. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது. கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத முதல் கம்பி எம்மாத்திரம்? வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைக்கச் சொல்லுங்கள். கருவாடு, வலை தொட்ட கையைக் கழுவித் துடைத்த பிறகே கிட்டாரைத் தொட வேண்டும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ தடவ வேண்டாம். அழுக்குதான் சேரும், சத்தமும் மங்கும். பையில் வைத்து மூடி, ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். தகரக் கூரையின் சூடும் ஆகாது.

கம்பி அறுந்தால் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் நரம்பை, கட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு பையன் அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டான். ஆம்பிளிஃபையரில் சத்தமே இல்லை. கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். மேலே எஃகு அதிர்ந்தால்தான் அதில் மின்சாரம் பிறக்கும். பையில் மாற்றுக் கம்பி வைத்திருக்கிறோம். அறுந்ததற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். கம்பி அறுவது சகஜம். சுருதி இறங்குவதும் அப்படித்தான், தினமும் வாசிக்குமுன் சேர்க்க வேண்டும்.

போட் இன்ஜின் வேலை தெரிந்த அப்பாக்கள் பலர் இருக்கிறீர்கள். சாடில் திருகை நீங்கள் தொட்டுவிட்டாலும் இங்கே சரிசெய்துகொள்ளலாம். டிரஸ் ராடை மட்டும் தொடாதீர்கள். அதிகமாக இறுக்கி மரை போய்விட்டால் நெக்கையே மாற்ற வேண்டியதுதான். ஆம்பிளிஃபையரின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் துளையில் செருகக் கூடாது, இது கண்டிப்பு. ஈரத் தரையில் வெறுங்காலோடு வாசிக்கவும் விடாதீர்கள். இடி மின்னல் வருமுன்னே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வந்து கிட்டாரை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி மாற்றுவது, உயரம் அளப்பது எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் செய்து காட்டுவோம். செய்து காட்டப்போவது அந்த மாணவிதான். இப்போது எட்டாம் வகுப்பு.

அன்புடன்,
தலைமையாசிரியை