சீற் நம்பரை அனுப்பு

கோண்டாவில்,
ஆனி 2026

அன்பின் மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். உன் சுகமும் பேரனின் சுகமும் அறிய ஆவல். போனில் கதைக்கிறதை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். போன ஞாயிறும் அப்படித்தான், அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். குஞ்சம்மாவின் மகன் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்கு வெளிக்கிடுகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன், அவன் பிரிக்கிற பிள்ளை இல்லை.

நீ அனுப்பின ரிக்கெற் படத்தைப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டு, விரலால் பெருப்பித்து, வரிவரியாகப் பார்த்தேன். உன் பெயர், அதற்குக் கீழே பேரனின் பெயர். திகதி சரி, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முந்தி. சீற் என்று போட்ட இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. இரண்டு பேருக்கும் கோடுதான். கேட்டதற்கு, "அதுக்கும் தனியாகக் காசு கேக்கிறாங்கள், நான் எடுக்கேல்லை" என்று ஒரு வரி போட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லையாக்கும். சரி. கேட்கிற சனத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நான் எழுத வந்தது சீற் விஷயம்.

கஸ்தூரியார் வீதியில் ரிக்கெற் போடுகிற பெடியனிடம் போய் விசாரித்தேன். பொறுமையாக இருந்து சொன்னான். மலிவு ரிக்கெற் எடுத்தால், பெரும்பாலும், விரும்பின சீற்றை முன்கூட்டியே எடுக்கத் தனிக் காசு கட்ட வேண்டுமாம். இரண்டு பிளேன் மாறி வந்தால் இரண்டுக்கும் கட்ட வேண்டுமாம். யன்னல்கரைக்கு ஒரு விலை, முன்பக்கத்துக்கு ஒரு விலை, கால் நீட்ட இடம் இருந்தால் அதற்கு இன்னொரு விலை. கட்டாவிட்டால் சீற் இல்லாமல் போகாது. கடைசியில் மிஞ்சிக் கிடக்கிறதில் ஒன்றைக் கொம்பியூட்டர் தரும். ஒரே ரிக்கெற்றில் வருகிறவர்களையும் அது ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடலாமாம். அமெரிக்காவில் ஐந்து கம்பனிகள் 2018 முதல் 2023 வரை சீற் காசாக மட்டும் 1,240 கோடி டொலர் எடுத்திருக்கின்றன என்று அந்த நாட்டு செனற் குழு விசாரித்து 2024இல் அறிக்கை விட்டதாம். தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதற்கு விலை வைக்க ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

சவுத்வெஸ்ட் என்று அங்கே ஒரு கம்பனி இருக்கிறதாம். 1971இல் தொடங்கின நாளிலிருந்து, எங்கள் பஸ்ஸைப் போல, முதலில் ஏறுகிறவர் விரும்பின இடத்தில் இருக்கலாம் என்று விட்டிருந்தார்களாம். அவர்களும் இந்த வருஷம் தை மாதத்தோடு நம்பர் போட்ட சீற்றுக்கு மாறிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் லேஞ்சித் துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. யாழ்தேவி ரயில் காங்கேசன்துறையிலேயே பாதி நிறைந்துதான் எங்கள் ஸ்ரேசனுக்கு வரும். அது நிற்க முதலே அப்பா ஓடிப்போய் யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்துவிடுவார். லேஞ்சி கிடக்கிற சீற்றில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள். பிறகு நான் ஆறுதலாக ஏறிப்போய் அதில் இருப்பேன். அநேகமாக அவர் மாகோ ஸ்ரேசன் வரைக்கும் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வருவார். 1990இல் நின்ற ரயில் 2014இல் திரும்பி வந்தபோது நம்பர் எழுதின ரிக்கெற்றோடு போனோம். அன்றைக்கும் அவர் ஒரு லேஞ்சியை மடித்துச் சேட் பைக்குள் வைத்திருந்தார்.

உங்கள் கனடாவில் 2019இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறதாம். பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாய் தகப்பனுக்குக் கிட்ட இருத்த வேண்டும், அதற்குத் தனிக் காசு வாங்கக்கூடாது. முதலில் கேட்டபோது நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பெடியன் மிச்சத்தைச் சொன்னான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் ஒட்டின சீற். ஐந்திலிருந்து பதினொன்று வரைக்கும் அதே வரிசையில் இருந்தால் போதுமாம், நடுவில் ஒரு சீற் இருக்கலாம். பேரனுக்குச் சித்திரையோடு ஐந்து முடிந்துவிட்டதே பிள்ளை.

அந்த நடுச் சீற்றில் யார் இருப்பார்? இரவில் கண்ணை மூடினால் எனக்கு இதே யோசனைதான். முதல் பிளேனே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல். பிள்ளை நித்திரையில் சாய்ந்தால் யாருடைய தோளில் சாய்வான்? 2023இல் நீங்கள் வந்தபோது யன்னல்கரையில் பிள்ளை, நடுவில் நீ, நடைபாதைப் பக்கம் மருமகன். நீ அனுப்பின படம் இன்னும் என் போனில் கிடக்கிறது. அப்போது சீற்றுக்குக் காசு கட்டினதை நீ ஒரு கதையாகவே எடுக்கவில்லை. இப்போது ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறாய். காசு நெருக்கமா? நெருக்கம் என்றால் என்னிடம் சொல்லு. நான் மாதாமாதம் காசு கட்டுகிற சீட்டு இந்த மாதம் எனக்கு விழுந்தது. கிணற்றுக் கட்டுக்கு என்று வைத்திருந்தேன், கிணறு இன்னும் ஒரு மாரி பொறுக்கும். குஞ்சம்மாவின் மகனிடம் காசையும் கொடுத்துவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

இவ்வளவு காலமும் நீதான் எனக்கு அனுப்பினாய். வீட்டு ஓடு மாற்றினது நீ, அப்பாவின் மருந்து நீ, குஞ்சம்மாவின் முழங்கால் ஒப்பரேசனுக்கும் நீ. பத்தொன்பது வயதில் போய், பகலில் படிப்பும் இரவில் கோப்பிக் கடையுமாக நின்று, பனிக்குள் இரண்டு பஸ் மாறித் திரிந்தவள். ஒருநாளும் களைக்கிறது என்று சொன்னதில்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆனால் ஒன்றையும் வாய் திறந்து சொல்லாத அந்தக் குணம் நல்லதற்கில்லை. அப்பாவின் அந்தியேட்டிக்குத் தனியே வந்து நின்றபோதும் உன் முகம் வாடித்தான் கிடந்தது. தகப்பன் போன கவலை என்று நினைத்தேன். பிள்ளையைப் பார்க்க மருமகன் அங்கே நிற்க வேண்டியிருந்தது என்றாய், நானும் சரி என்றுவிட்டேன்.

முதலில் ஏறுவதற்கு என்று காசு கட்டாதே, அது உனக்குத் தேவையில்லை. அதற்குக் கட்டுகிறவர்கள் மேல் தட்டில் பையை வைக்க இடம் பிடிக்கத்தான் கட்டுகிறார்களாம். சின்னப் பிள்ளையோடு வருகிறவர்களை அநேகமான கம்பனிகள் முதலிலேயே கூப்பிடும். கூப்பிட்டால் கூச்சப்படாமல் போ. கூப்பிடாவிட்டால் நீயாகப் போய்க் கேள். பேரனின் மாற்று உடுப்பும் மருந்தும் மேலே போகிற பைக்குள் வேண்டாம், காலடியில் வைக்கிற பைக்குள் இருக்கட்டும். உனக்கு நடைபாதைப் பக்கச் சீற் எடு. பிள்ளை பிறந்த பிறகு உன் கால் வீங்கினது எனக்குத் தெரியும், இடையிடையே எழும்பி நடக்க வேண்டும். பேரன் யன்னல்கரைக்கு அழுவான். அழட்டும், உனக்கு ஒட்டி இருந்தால் போதும். சீற்றை எடுத்துவிடு.

இவ்வளவும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட ஏலாது.

போன வருஷம் மாசியில் அப்பாவை இதய டொக்டரிடம் காட்டச் சென்னைக்குக் கொண்டுபோனேன். ரிக்கெற் போட்ட அன்றே நீ, "அப்பாவுக்குப் பயம், சீற் இரண்டையும் சேர்த்து எடுங்கோ" என்று சொல்லிக் காசும் அனுப்பினாய். ஒருவருக்கு இந்தியக் காசு நானூறு. நான் கட்டவில்லை. பலாலியிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லாத பயணத்துக்கு எதற்கு என்று நினைத்தேன். அந்தக் காசைக் கரண்ட் பில்லுக்குக் கட்டினேன். நீ கேட்டபோது, "ஓம் பிள்ளை, ஒட்டித்தான் இருந்தனாங்கள்" என்று சொன்னேன். பொய் சொன்னேன் மகள்.

வால்பக்கத்து வாசலால் ஏறுகிற சின்னப் பிளேன் அது. அவருக்கு ஆறாவது வரிசை, எனக்குப் பதினாலாவது. ஏறும்போதே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். இடம் மாறித் தருவீர்களா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். அதற்கும் எனக்கு வெட்கம். என் இடத்திலிருந்து அவருடைய தலையின் பின்பக்கமும், நடைபாதைப் பக்கம் கைப்பிடியில் கிடந்த வலக்கையும், மடியின் ஒரு கரையும்தான் தெரிந்தன. தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள், சாண் உயரம்கூட இல்லாத சின்னப் போத்தல். அந்த மூடியைத் திறக்க அவருக்குக் கையில் பலம் வரவில்லை. ஒருதரம் திருகினார். வேட்டித் தலைப்பால் பிடித்துத் திருகினார். பக்கத்திலிருந்த பெடியன் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு நித்திரை. பிளேன் குலுங்கிக்கொண்டிருந்தது, பெல்ற் லைற் அணையவே இல்லை, எழும்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு வரிசை தள்ளி இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும் வரைக்கும் அந்தப் போத்தலை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். கீழே இறங்கி நான் வாங்கித் திறந்தபோது, "ஒண்டுமில்லையப்பா, எனக்கு விடாய்க்கேல்லை" என்றார்.

ஐப்பசியில் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேருமாகப் போன கடைசிப் பயணம் அதுதான். எண்ணூறு ரூபாய். செத்தவீட்டிலும் அந்தப் போத்தலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை, குஞ்சம்மாவுக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாய் என்ற பயம். இப்போது சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் வந்து நின்று கோபி.

உள்ளறையைக் கழுவி வைத்திருக்கிறேன். கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன், நீயும் பிள்ளையும் படுக்கத் தாராளமான இடம் இருக்கிறது. திரும்பிப் போகிற ரிக்கெற் ஆவணிக் கடைசியில் என்று கண்டேன். அதை மாற்ற வேண்டி வந்தாலும் பரவாயில்லை. என்னிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டும்போல் இருந்தால் சாமம் என்றாலும் எழுப்பு.

கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு நானே வருகிறேன். இடுப்பு வலி, இரவுப் பயணம் என்று மறிக்காதே. வான்காரத் தம்பியிடம் சொல்லி வைத்துவிட்டேன். டிரைவருக்குப் பின்னாலிருக்கிற நீளச் சீற்றில் வேறு ஒருவரையும் ஏற்ற வேண்டாம், மூன்று பேர் இருப்போம் என்று.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா

பி.கு: செக்-இன் திறக்கிற நேரத்துக்குப் போனில் அலாரம் வை. அது வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் இப்போதே கட்டிவிட்டால் இன்னும் நல்லது. எடுத்ததும் இரண்டு சீற் நம்பரையும் எனக்கு அனுப்பு.