ஆர்க்கம் காவலாளிக்கு ஒரு பெயர் வையுங்கள்

பேட்மேன் கதைகளை எழுதும், வரையும், தொகுக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

பேட்மேனின் ஊரான கோதம் நகரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2021-இல், கோதத்தின் வில்லன்களை அடைத்து வைக்கும் ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் விஷவாயுவைத் திறந்துவிட்டீர்கள். நோயாளிகளும் ஊழியர்களும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வில்லன்களில் யார் தப்பினார், யார் போனார் என்று அடுத்த பல மாதம் எங்களைப் பேச வைத்தீர்கள். ஊழியர்களைப் பற்றி? பிழைத்த காவலாளி ஒருவருக்கு ஷான் மஹோனி என்று பெயர் வைத்தீர்கள். சந்தோஷப்படுவதற்குள் அவருக்கும் கவசம் மாட்டி வில்லனாக்கிவிட்டீர்கள்!

ஆர்க்கம் முதலில் கதைக்குள் வந்தது 1974-இல். அன்றிலிருந்து எத்தனையோ கைதிகள் தப்பிவிட்டார்கள், காட்சி மட்டும் மாறவில்லை. இரவுப் பணியில் ஒரு காவலாளி. ஒரு படக்கட்டத்தில் திரும்பிப் பார்க்கிறார், அடுத்த படக்கட்டத்தில் தரையில் கிடக்கிறார். அவருக்குக் குடும்பம் உண்டா? சம்பளம் எவ்வளவு? முன்பு அந்த வேலையில் இருந்தவர்களின் கதி தெரிந்தும் ஏன் சேர்ந்தார்? பயங்கரமான ஊர் என்று காட்ட வானத்தைக் கறுப்பாகப் பூசுகிறீர்களே, இந்த ஆள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தை வரைந்தால் அதைவிடப் பயமாக இருக்காதா?

எனவே என் கோரிக்கை: கோதத்தின் சாதாரண மனிதர்களுக்கென்று ஒரு தொடர் வேண்டும்.

இது உங்களுக்குப் புதிதல்ல. 2003 முதல் 2006 வரை, கோதத்தின் போலீஸ்காரர்களைப் பற்றிய ‘கோதம் சென்ட்ரல்’ தொடர் 40 இதழ்கள் வந்தது. அதில் பேட்மேனை அழைக்க வானத்தில் அடிக்கும் வௌவால் விளக்கைப் போடுவது ஒரு தற்காலிக ஊழியர், ஸ்டேசி. பேட்மேன் என்று ஒருவர் இருப்பதையே காவல்துறை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள முடியாதாம். அதனால் பொத்தானை போலீஸ்காரர் தொடக்கூடாது. அந்த ஊரில் நிர்வாகம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் ஒரு விவரம் வேண்டுமா?

நீங்கள் என்ன செய்தீர்கள்? காப்பகம் அழிந்ததும், அதற்குப் பதிலாக நகரின் நடுவிலேயே ஆர்க்கம் கோபுரம் என்று இன்னொரு காப்பகம் கட்டினீர்கள். அக்கம்பக்கத்தில் வீட்டு வாடகையாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெயர் விஷயத்தில் உங்கள் தரப்புக்கு என்றுமே கொஞ்சம் கஞ்சத்தனம்தான். தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு நகைக்கடையின் பெயரைப் பார்த்து இந்த ஊருக்கு ‘கோதம்’ என்று வைத்தவர் பில் ஃபிங்கர். ஆர்க்கம் வந்த அதே 1974-இல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர்கள் என்ற வரியில் பாப் கேன் பெயரோடு அவர் பெயரும் சேர 2015 வரை ஆனது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: சாதாரண மனிதர்களுக்கு ஒரு தொடர். அதுவும் முடியாதென்றால், அடுத்த முறை ஆர்க்கத்தின் கதவு உடைவதற்கு முன்னால் அந்தக் காவலாளிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். சட்டையில் ஒரு பெயர்ப்பட்டையும் வரைந்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்