ரத்தம் எடுக்கும் படிவத்தில் சில வரிகள் சேருங்கள்

அழற்சி குறித்த ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும், அவற்றை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

காயத்தையோ கிருமியையோ எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினையான அழற்சிக்கும் இனப்பெருக்க ஹார்மோன்களுக்கும் உள்ள உறவை ஆராய்வது என் வேலை. ஒரே ஒரு கோரிக்கைக்காக இம்மடலை எழுதுகிறேன். மனித ரத்தத்தில் அழற்சியை அளக்கும் ஆய்வு எதுவானாலும், ரத்தம் கொடுப்பவரின் ஹார்மோன் நிலையைக் குறித்துவைப்பதைக் கட்டாயமாக்குங்கள். கடைசி மாதவிடாய் எப்போது வந்தது, கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா, கர்ப்பமா, மாதவிடாய் நின்றுவிட்டதா, ஹார்மோன் சிகிச்சை பெறுகிறாரா என்று கேட்டு எழுதினால் போதும்.

மதிப்பீட்டுக்காக என்னிடம் வரும் கட்டுரைகள் பலவற்றில் வயது இருக்கும், எடை இருக்கும், புகைப்பழக்கம்கூட இருக்கும். பாலினம் என்ற இடத்தில் ‘பெண்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதனால் வரும் குழப்பத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். மாதவிடாய் நின்ற ஒருவர் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனை மாத்திரையாக விழுங்கினால், அது குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அழற்சியின் அடையாளமாக நாம் அளக்கும் சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரப்பதும் கல்லீரல்தான். ஆகவே ரத்தத்தில் அந்தப் புரதம் ஏறுகிறது. அதே ஹார்மோனைத் தோலில் ஒட்டும் பட்டையாகப் பயன்படுத்துபவரிடம் அந்த ஏற்றம் காணப்படுவதில்லை. இந்த இருவரையும் ஒரே குழுவில் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு, அதை அழற்சியின் அளவு என்று எப்படிச் சொல்வது?

மாதவிடாயே ஓர் அழற்சி நிகழ்வுதான். புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் சரிந்ததும் கருப்பையின் உள்சவ்வில் வெள்ளணுக்கள் குவிகின்றன, வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள் பெருகுகின்றன. வலிநிவாரணி இபுபுரூஃபென் மாதவிடாய் வலியைத் தணிப்பது அவற்றின் உற்பத்தியைக் குறைப்பதால்தான். நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கி அழற்சி உண்டாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இத்தனையும் தெரிந்த பிறகும் மாதவிடாய்த் தேதியைக் கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்களையும் மறந்துவிடக் கூடாது. கடும் அழற்சியின்போது அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது.

சோதனைக்கூடத்துக்குள் நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் தெரியுமா? செல்களை வளர்க்கும் ஊடகத்துக்குச் செந்நிறம் தரும் ஃபீனால் ரெட் சாயம், ஈஸ்ட்ரோஜென் போல லேசாகச் செயல்படுகிறது என்பது 1986-இல் தெரியவந்தது. அதனால் ஹார்மோன் ஆய்வுகளுக்குச் சாயமில்லாத ஊடகத்தையே வாங்குகிறோம். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) மிஞ்சியிருக்கும் ஹார்மோன்களையும் கரித்தூளால் உறிஞ்சி எடுத்துவிடுகிறோம். தட்டில் வளரும் செல்லுக்கு இவ்வளவு பார்க்கிறோம். ரத்தம் கொடுக்கக் கை நீட்டும் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை.

அப்படிக் கேட்டு எழுதிவைத்ததால் மருத்துவம் பெற்ற பலன் பெரிது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் கர்ப்பகாலத்தில் தணிவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1930களில் கூர்ந்து கவனித்தார். மஞ்சள் காமாலை வந்தவர்களிடமும் அதே தணிவைக் கண்டார். உடலே சுரக்கும் ஏதோவொரு பொருள் நோயை அடக்குகிறது என்று கருதித் தேடினார். 1948-இல் அட்ரீனல் சுரப்பி ஹார்மோனான கார்ட்டிசோன் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. 1950-இல் அட்ரீனல் ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளி கர்ப்பமாக இருக்கிறார் என்ற விவரத்தை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அந்தத் தேடலுக்கு ஒரு முக்கியத் தடயம் கிடைத்திருக்காது.

பெண்களிடம் அளவீடுகள் தாறுமாறாக மாறும், ஆகவே சேர்க்காமல் விடுவதே நல்லது என்ற வாதம் இன்னும் காதில் விழுகிறது. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் மாறுபடவில்லை. அந்தச் சாக்கை இனி எவரும் சொல்ல வேண்டாம்.

இவை அந்தரங்கமான கேள்விகள் என்பதை அறிவேன். காரணத்தை விளக்கித் தனியறையில் கேட்க வேண்டும். பதில் சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. அவர் சொல்லவில்லை என்பதையும் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். புதிய நிதி விண்ணப்பங்களில் இந்த வரிகள் இல்லையென்றால் திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளில், அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போதே கேட்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
அழற்சி ஆய்வாளர் ஒருவர்