மூன்றரை மணிக்குப் பிறகு எந்த மொழி?

எங்கள் மகளுக்கு லாட்டரியில் இடம் கிடைத்திருக்கும் ஸ்பானிஷ் இம்மெர்ஷன் சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி எது' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ் என்று எழுதினேன். அதனால் இந்த மடலும் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலப் பிரதி தனியாக வரும், கவலை வேண்டாம். ஆனால் வாஷிங்டனில் லாட்டரி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் நாலு தமிழ்க் குடும்பங்களும் இதைப் படிக்கட்டும் என்பதால் முதலில் இது. (தெரியாதவர்களுக்கு: சார்ட்டர் என்றால் அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி. இம்மெர்ஷன் என்றால் ஒரு மொழியைத் தனிப்பாடமாக வைக்காமல் பாடங்களையே அந்த மொழியில் நடத்துவது. இப்படிப்பட்ட பள்ளிகளில் இடம் நகரம் நடத்தும் குலுக்கலில்தான் கிடைக்கும், அதுதான் லாட்டரி.) பள்ளியின் பெயரை எங்கும் சொல்லப்போவதில்லை, நான் சொல்லப்போவது உங்கள் ஒரு பள்ளியோடு முடிகிற விஷயம் இல்லை.

மகளுக்கு இந்த ஆகஸ்டில் கிண்டர்கார்டன். பன்னிரண்டு பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கச் சொன்னார்கள், உங்களுடையதை முதலில் போட்டோம், அதுவே விழுந்தது. முடிவைப் பார்த்ததும் அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். (அந்த லாட்டரிக்குப் பின்னால் இருப்பது 2012-ல் பொருளாதார நோபல் வாங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்த கணக்கு என்று கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். "குலுக்கல்ல விழுந்துச்சுல்ல, ஒரு தேங்காய் உடைச்சுடு" என்றார்.)

ஏன் இந்தப் பள்ளிக்கு இவ்வளவு ஆசைப்பட்டோம் என்றால், இம்மெர்ஷன் என்கிற முறையே பெற்றோர்கள் நச்சரித்து வாங்கியது என்பது எனக்குப் பிடிக்கும். 1965-ல் கனடாவில், மொன்றியால் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், பிரெஞ்சைத் தினம் அரை மணி நேரப் பாடமாக நடத்தியது போதும், பிரெஞ்சிலேயே எல்லாவற்றையும் நடத்துங்கள் என்று விடாப்பிடியாக நின்று ஒரு கிண்டர்கார்டன் வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். 1971-ல் அது கலிபோர்னியாவின் கல்வர் சிட்டிக்கு ஸ்பானிஷாக வந்தது, அதே வருடம் நம் ஊரில் ஆய்ஸ்டர் அரசுப் பள்ளியும் இருமொழிப் பள்ளியானது. போர்ட்லாந்தில் லாட்டரியில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் பல வருடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இம்மெர்ஷன் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பிலேயே ஏழு மாதம், எட்டாம் வகுப்பில் ஒன்பது மாதம் முன்னால் இருந்தார்கள். 'ஆங்கிலம் கெட்டுப்போகும்' என்று பயமுறுத்திய என் கணவரின் வாயை அடைக்க அது போதுமாக இருந்தது.

சரி, இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன்.

சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது, நகரவாசிகளிடம் படிப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்களும் வாங்கவில்லை, காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரை. நான் வேலை செய்வது நகரத்தை ஒட்டிய பெதஸ்தாவில், வீடு நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் டகோமாவில். வரைபடத்தில் இரண்டும் பக்கம் பக்கமாகத் தெரியும், ஆனால் மெட்ரோவின் ரெட் லைன் லாடம் மாதிரி வளைந்தது, பெதஸ்தாவில் ஏறினால் நகரத்தின் நடுவயிற்றுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறி வர வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பதே ரயில் பார்த்துச் செய்யும் தயவு. கணவர் வர்ஜீனியாவின் ரெஸ்டனிலிருந்து சில்வர் லைனில் வருகிறார், அவரை ஆறு மணிக்குக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. ஆக, மூன்றரைக்கும் ஆறுக்கும் நடுவே எங்களுக்கு ஆஃப்டர்கேர், அதாவது பள்ளி முடிந்த பிறகு நாங்கள் வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, வேண்டும். எங்களுக்கு மட்டுமா? இரண்டு பேரும் வேலைக்குப் போகிற எந்த வீட்டுக்கும் வேண்டும்.

மாதம் 520 டாலர். பத்து மாதத்துக்கு 5,200. ஆசிரியர் பயிற்சி நாள், பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு நாள் என்று பள்ளி இல்லாத நாட்களுக்குத் தனிக் காசு. ஆறு மணிக்கு மேல் நிமிடத்துக்கு ஒரு டாலர். வீட்டில் இரண்டு வயதில் ஒருவன் இருக்கிறான், அக்கா படிக்கிற பள்ளி என்ற முன்னுரிமையில் அவனும் பின்னால் வருவான், அப்போது 10,400. இதையெல்லாம் நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்றால், இடம் கிடைத்த பிறகு, மூன்று மின்னஞ்சல் போட்ட பிறகு. விண்ணப்பிக்கும்போது பார்த்த பக்கத்தில் 'பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு உண்டு' என்று ஒரு வரி மட்டும்தான் இருந்தது. இன்னொரு விஷயம் இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வந்தது: பள்ளியில் இடம் இருந்தாலும் ஆஃப்டர்கேரில் இடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஜூனில் ஒரு காலை பத்து மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும், போன வருடம் கால் மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. பள்ளிக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியதோ மே தொடக்கத்தில்! அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாப்பாடு இனாம், இலைக்குக் காசு, அந்த இலையும் இருக்குமான்னு தெரியாது."

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் வட்டாரப் பள்ளி இருக்கிறது. நல்ல பள்ளிதான். அங்கேயும் ஆஃப்டர்கேர் உண்டு, உங்களுடையதில் பாதிக்கும் குறைவான செலவில். மிச்சமாகும் காசில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளிக்கும் அனுப்பலாம், வருடம் ஒருமுறை ஊருக்கும் போய்வரலாம், ஸ்பானிஷைவிட அவளுக்குத் தமிழ் ஒழுங்காக வரும் என்பது கணவரின் கட்சி. அதில் எனக்குப் பதில் சொல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. இருந்தாலும் காசு மட்டும்தான் பிரச்சினை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியிருப்பேன், இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு மதியம் வந்து பார்க்க அனுமதி கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. மூன்று மணிக்கு இரண்டாம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்தேன். மழை எப்படி வருகிறது என்று ஒரு பையன் முழுக்க ஸ்பானிஷில் சொன்னான், ஆவியாதல் என்ற வார்த்தையில் தடுக்கி, ஆசிரியை எடுத்துக்கொடுக்க, திரும்பச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். மூன்றரை மணிக்கு மணி அடித்தது. வாசலில் பாட்டிகள், சித்திகள், ஒரு தாத்தா என்று ஒரு கூட்டம், பெரும்பாலும் எல் சால்வடோரிலிருந்து வந்த குடும்பங்கள் என்று உங்கள் ஊழியர் சொன்னார். ஸ்பானிஷில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டே பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பத்து நிமிடத்தில் வாசல் காலி. அதோடு ஸ்பானிஷும் காலி.

உள்ளே மீதி இருந்த பிள்ளைகளைப் பெரிய அறைக்குக் கூட்டிப்போனார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு இளைஞர்கள், நல்ல பிள்ளைகள், பொறுமைசாலிகள், ஆனால் இரண்டு பேருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. ஒரு மேசையில் நாலு பேர் ஊனோ விளையாடினார்கள். ஊனோ என்றால் ஸ்பானிஷில் ஒன்று. பெயரிலேயே ஸ்பானிஷை வைத்திருக்கும் அந்தச் சீட்டாட்டத்தை, சற்று முன் ஸ்பானிஷில் மழையை விளக்கிய அதே பையன், மஞ்சள், பச்சை, நாலு எடு, ஏமாத்தாதே என்று தொடக்கம் முதல் முடிவு வரை ஆங்கிலத்தில் விளையாடினான். சண்டை வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

அன்றைக்கு ரயிலில் வரும்போது கணக்குப் போட்டேன். உங்கள் பள்ளியில் பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் ஆங்கிலம். சாப்பாடு, விளையாட்டு நேரம் போக ஸ்பானிஷ் ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் வரும். ஆஃப்டர்கேர் இரண்டரை மணி நேரம். 180 பள்ளி நாளுக்கு 450 மணி நேரம். கிட்டத்தட்ட இன்னொரு பள்ளியே அங்கே நடக்கிறது, அதை ஆங்கிலப் பள்ளியாக நடத்துகிறீர்கள், அதற்குத்தான் நாங்கள் காசு கட்டுகிறோம்.

அப்புறம்தான் அந்த வாசல் திரும்ப ஞாபகம் வந்தது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகள்தான் இந்த மாதிரிப் பள்ளியில் இரண்டாவது ஆசிரியர்கள், அதை நீங்களே உங்கள் அறிமுகக் கூட்டத்தில் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் மூன்றரைக்கே கிளம்பிப் போகிறார்கள்? பாட்டிக்கு நேரம் இருப்பதால் மட்டுமில்லை. வாசலில் ஒரு பாட்டியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாராம், பேத்திக்காக மதிய வேலையை விட்டுவிட்டாராம், விட்ட சம்பளம் உங்கள் கட்டணத்தைவிடக் குறைவு என்பதால். ஆக, 520 டாலர் என்பது ஏழைப் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிற தொகை மட்டுமில்லை, என் மகளின் பக்கத்திலிருந்து ஸ்பானிஷையும் எடுத்துவிடுகிற தொகை. சில ஆண்டுகளாக இந்த நகரத்தின் லாட்டரியில் வசதி குறைந்த குடும்பங்களுக்கென்று சில பள்ளிகள் இடம் ஒதுக்குகின்றன, நீங்களும் ஒதுக்குகிறீர்கள், நல்ல காரியம். ஆனால் அந்த ஒதுக்கீடும் மூன்றரை மணி வரைதான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நான் வளர்ந்ததே இதன் மறுபக்கத்தில். கும்பகோணத்தில் நான் படித்த மெட்ரிக் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தில் படித்தேன், ஒளிச்சேர்க்கையை ஆங்கிலத்தில் படம் வரைந்து பாகம் குறிப்பேன், ஆனால் முதல் வேலையில் பக்கத்து மேசைக்காரர் ஒரு கிண்டல் அடித்தால் திருப்பி அடிக்க எனக்கு ஆங்கிலம் இருக்கவில்லை. யாரும் அதை எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பாடப்புத்தகத்தில் அது இல்லை. அதே தெருவில் பள்ளிக்கே ஒழுங்காகப் போகாத பையன்களுக்கு அவுட், நோபால், எல்பி, ஒன் பிட்ச் கேட்ச் எல்லாம் தெரிந்திருந்தது, விளையாட்டு தந்தது. இம்மெர்ஷன் வகுப்புகளைப் பற்றி எலெய்ன் டரோன், மெரில் ஸ்வெய்ன் என்ற இரண்டு மொழி ஆராய்ச்சியாளர்கள் 1995-லேயே இதைத்தான் எழுதினார்கள்: பெரிய வகுப்புக்குப் போகப்போகப் பிள்ளைகள் தங்களுக்குள் அந்த மொழியைப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கிடைத்தது பாட மொழி, வம்பளக்கிற மொழி கிடைக்கவே இல்லை. மேடைத் தமிழுக்கும் தெருத் தமிழுக்கும் நடுவே வாழ்கிற எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தயவுசெய்து இதற்குத் தீர்வாக 'ஆஃப்டர்கேரில் ஆங்கிலம் பேசக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டிவிடாதீர்கள். ஒரு ரூபாய் அபராதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பேசுகிற ஆட்களைக் கொண்டுவாருங்கள், பேச்சு தானாக வரும். வாசலில் நிற்கிற பாட்டிகளில் இரண்டு பேருக்குக் கைரேகைச் சோதனை முதலான சட்டபூர்வ நடைமுறைகளை முடித்து, சம்பளம் கொடுத்து உள்ளே உட்கார வையுங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளும் உள்ளேயே இருப்பார்கள், ஊனோ தன் சொந்த மொழிக்குத் திரும்பும்.

காசுக்கு எங்கே போவது என்பீர்கள். வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் வையுங்கள், என்னிடம் 520-க்குப் பதில் 600 கேளுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அரசு ஏற்கனவே உதவுகிறது: டிபெண்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ என்ற பிள்ளைப் பராமரிப்புச் செலவுக் கணக்கில் சம்பளத்திலிருந்து வரி கட்டாமல் ஒதுக்கும் தொகை, கொரோனா காலத்தில் ஒரு வருடம் தவிர, 1986-லிருந்து 5,000 டாலரிலேயே நின்றது, இந்த 2026-லிருந்து 7,500. ஆனால் அந்தக் கணக்கு வேலை கொடுப்பவர் வைத்திருந்தால்தான் உண்டு, வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு யார் வைப்பார்கள்? இன்னொரு வழியான, பராமரிப்புச் செலவுக்கான மத்திய வரிக்கழிவும் கட்ட வேண்டிய வரியில்தான் கழியும், வரியே வராத அளவுக்குச் சம்பளம் குறைந்தவர் கையில் அதிலிருந்து ஒரு சென்ட் வராது. மேட்டில் இருப்பவன் வயலுக்கே தண்ணீர் பாய்கிறது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு நகரம் தரும் பராமரிப்பு உதவித்தொகையை உங்கள் ஆஃப்டர்கேர் ஏற்பதில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள், ஏன் என்று கேட்டதற்கு 'காகித வேலை அதிகம்' என்றார்கள். பள்ளிக்குப் பிந்தைய நேரத்துக்கென்றே மத்திய அரசின் 21-ஆம் நூற்றாண்டு சமூகக் கற்றல் மையத் திட்டம் இருக்கிறது, நகரத்தின் லேர்ன்24 மானியம் இருக்கிறது. எழுதிக் கேட்க ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், அலுவலகத்தில் நான் செய்யும் வேலையே மானிய விண்ணப்பம் எழுதுவதுதான்.

உடனே செய்ய முடிந்தது ஒன்று உண்டு, அதற்குக் காசும் வேண்டாம். அடுத்த டிசம்பரில் விண்ணப்பம் திறக்கும் முன், கட்டணம், இடங்களின் எண்ணிக்கை, உள்ளே எந்த மொழி என்ற மூன்றையும் சேர்க்கைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஸ்பானிஷிலும்தான், அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

எங்கள் முடிவைச் சொல்ல இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவதா, வட்டாரப் பள்ளிக்கு நடையைக் கட்டுவதா என்று நானும் கணவரும் பேச வேண்டும். பதில் எந்த மொழியில் வந்தாலும் சரி. சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பினால் நல்லது, அதற்கு மேல் என்றால் நிமிடத்துக்கு ஒரு டாலர்.

இப்படிக்கு,
டகோமாவிலிருந்து ஓர் அம்மா