எல்லோரும் எழுதிய தாள்களுக்கு நன்றி

தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பள்ளி ஆலோசகர், சக பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அதை மறுபடி விவரிக்கவில்லை. போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்த என் மகன் அதற்கான சிகிச்சையைத் தொடர்ந்தபடியே மீண்டும் வகுப்புக்கு வரத் தொடங்கியிருக்கிறான். அவன் சம்மதத்துடன்தான் இந்த மடலை எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் அவனே படித்தும் பார்த்தான்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. போதைப் பழக்கம் பற்றிய வகுப்பில், மாணவர்கள் பெயர் குறிப்பிடாமல் கேள்விகளை எழுதிப் பெட்டியில் போடலாம் என்று ஆலோசகர் ஏற்பாடு செய்திருந்தார். நூலகத்தில் இடம் கொடுத்ததைத் தவிர நூலகருக்கு அதில் வேறு பொறுப்பு கிடையாது. ஆயினும் தாள்களைக் கொடுக்கத் தொடங்கும்போது அவர் குறுக்கிட்டு, கேள்வி உள்ளவர்கள் மட்டும் எழுதினால் எழுதுகிறவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், ஆகவே கேள்வி இல்லாதவர்களும் “எனக்குக் கேள்வி இல்லை” என்றாவது எழுதிப் போடட்டும் என்றாராம். ஒரே அளவில் தாள்களை வெட்டி, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பென்சிலும் கொடுத்திருக்கிறார். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதிய அந்தச் சில நிமிடங்களில்தான், வீட்டில் எங்கள் இருவரிடமும் சொல்ல முடியாததை என் மகன் எழுதினான்: நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் யாரிடம் போவது, சொன்னால் பள்ளியை விட்டு நீக்கிவிடுவார்களா?

அடுத்த வகுப்பில் எல்லாக் கேள்விகளுக்கும் ஆலோசகர் பதில் சொன்னார். தானாக வந்து உதவி கேட்பவரைப் பள்ளி தண்டிக்காது, அவர் சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் தேவையானவர்களுக்குத் தெரிவிக்க நேரும், அதையும் அந்த மாணவரிடம் சொல்லிவிட்டே செய்வோம் என்று விளக்கினார். அந்த விதிவிலக்கை மறைக்காமல் சொன்னதால்தான் மற்றவற்றையும் நம்பினேன் என்று மகன் பிறகு என்னிடம் சொன்னான். அன்று மாலையே அவன் ஆலோசகரைத் தேடிப் போனான்.

மண்டையோட்டுப் படங்களையும் அழிந்துபோன வாழ்க்கைகளையும் காட்டி அச்சமூட்டும் பாடம், இன்னும் தொடாத பிள்ளையைத் தடுக்கிறதோ இல்லையோ, ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். விளைவுகளை எடைபோட்டு உந்துதலை அடக்கும் மூளைப் பகுதி 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது என்றும், போதைப்பொருள் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளை இயல்புக்கு மீறிப் பெருக்கி அந்தப் பொருளையே மீண்டும் மீண்டும் தேட வைக்கிறது என்றும் ஆசிரியர் விளக்கியபோது, தான் கெட்டவன் அல்ல, தனக்கு வந்திருப்பது சிகிச்சை உள்ள ஒரு நோய் என்று அவனுக்கு முதல் முறையாகத் தோன்றியதாம்.

எங்களுக்கும் பாடம் எடுத்தவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தும்போது உறக்கமின்மையும் எரிச்சலும் வரக்கூடும், மதுவையும் சில தூக்க மாத்திரைகளையும் நெடுநாள் பயன்படுத்தியவர்கள் மருத்துவர் மேற்பார்வையின்றி நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், மீண்டும் பழக்கம் தலைகாட்டினால் அதைத் தோல்வி என்று கொள்ளாமல் சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்ன மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுத்த நண்பர்களுக்கும், எதையும் துருவிக் கேட்காமல் அவனை விளையாட அழைத்த பிள்ளைகளுக்கும், எங்களோடு அமர்ந்து பேசிய குடும்பங்களின் குழுவுக்கும் மனமார்ந்த நன்றி.

போதைப்பொருளுக்கு எதிரான நாளாக ஜூன் 26ஐ ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1987இல் அறிவித்தது. அந்த ஒரு நாளில் உறுதிமொழி எடுப்பதோடு நம் பள்ளி நின்றுவிடாமல், ஒவ்வொரு பருவத்திலும் இந்த வகுப்பை நடத்தவும், பெற்றோர் கூட்டத்திலும் அதே பெட்டியை வைக்கவும் தலைமையாசிரியரிடம் வேண்டினேன், அவர் இசைந்திருக்கிறார். நாங்களும் எழுதுவோம், கேள்வி இல்லாதவர்களும் எழுதுவோம். தாள்களை வெட்டித் தரும் பொறுப்பு இனி என்னுடையது.

நன்றியுடன்,
பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்