இரண்டாண்டு அட்டவணையைக் கொடுங்கள்: எங்கள் கம்யூனிட்டி காலேஜ் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர் குழுவினருக்கும் கல்லூரித் தலைவருக்கும்,

வணக்கம். ஸ்பிரிங் செமஸ்டர், அதாவது ஜனவரியில் தொடங்கும் அரையாண்டு, திங்கட்கிழமை தொடங்கவிருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியல் மூன்றாம் பாகத்தை ரத்து செய்துவிட்டதாக நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினீர்கள். சேர்க்கை குறைவாம். என் மகளோடு சேர்த்து 11 பேர் பதிவு செய்திருந்தார்கள். வளாகத்தில் அந்தப் பாடத்துக்கு இருந்ததே அந்த ஒரு வகுப்புதான்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். பள்ளி முடிக்கும் பிள்ளையை எந்தக் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தால், இரண்டு ஆண்டு கழித்து யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாறும் டிரான்ஸ்ஃபர் சுலபம் என்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். டிரான்ஸ்ஃபருக்குக் கட்டாயமான பாடங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த செமஸ்டரில், பகலிலா மாலையிலா, நடக்கும் என்று முன்கூட்டியே வெளியிடுங்கள். வெளியிட்ட பிறகு ரத்து செய்யாதீர்கள்.

ஒரு வகுப்பு போனால் என்ன, அடுத்த செமஸ்டரில் எடுத்துக்கொள்ளட்டுமே என்பவர்களும் உண்டு. உங்களிடம் அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. என் மகளோ இந்த ஆகஸ்ட், செப்டம்பரில் யூசிக்குப் போக வேண்டியவள். யூசியின் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு டேக் என்ற சேர்க்கை உத்தரவாதம் தருகின்றன. ஒருவர் ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். (பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ, சான் டியேகோ ஆகிய மூன்று வளாகங்களும் இந்த ஆட்டத்திலேயே இல்லை.) செப்டம்பரில் அவள் டேக் விண்ணப்பம் போட்டாள். நவம்பரில் பொது விண்ணப்பம் போட்டாள். இரண்டிலும், ஸ்பிரிங்கில் முடிக்கப்போகும் பாடமாக இந்த இயற்பியலை எழுதியிருந்தாள். உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினாள். யூசி கேட்ட பாடங்களை ஸ்பிரிங் முடிவுக்குள் முடித்தாக வேண்டும். கோடையில் முடித்தால் டேக் கணக்கில் வராது. ஜனவரி 31-க்குள் பாட மாற்றங்களை யூசிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வகுப்பைக் கைவிட்டது அவளில்லை, காலேஜ்தான் என்று அதில் விளக்கம் எழுதலாம். எழுதினாலும் அது ஒரு பாடம் குறைந்த விண்ணப்பம்தானே?

உங்கள் மின்னஞ்சலின் கடைசி வரி, 'மாற்று வழிகளுக்குக் கவுன்சிலரை (படிப்பு ஆலோசகரை)ச் சந்திக்கவும்' என்றது. உடனே முன்பதிவு செய்யப் போனாள். கிடைத்த முதல் நேரம் மூன்று வாரம் கழித்து. புதிய வகுப்பில் சேர உங்கள் கடைசித் தேதி செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம். அதாவது, எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்கும் நேரம், எதிலும் சேர முடியாமல் போன பிறகுதான் வரும். இந்த இரண்டு தேதிகளும் ஒரே கட்டடத்தில் இருந்துதான் முடிவாகின்றன. யாராவது ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். நேரில் போய் வரிசையில் நின்றதில் ஒரு கவுன்சிலர் பத்து நிமிடம் ஒதுக்கினார். நல்ல மனுஷி, அவர்மேல் குறையில்லை. பக்கத்துக் காலேஜ்களில் தேடிப் பாருங்கள் என்றார். வேறு என்ன சொல்வார் பாவம்.

தேடினோம். பக்கத்துக் காலேஜில் வகுப்பு நிரம்பி வெயிட்லிஸ்டும் மூடிவிட்டது. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற காலேஜ்கள் குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக, நடப்பவை. வின்டர் குவார்ட்டர் ஜனவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். நீங்கள் ரத்து செய்த நாளில் அங்கே பாடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. போதாததற்கு இதே இயற்பியலை அங்கே நான்கு பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே இரண்டு பாகம் முடித்தவள் அங்கே எந்தப் பாகத்தில் உட்காருவது? கடைசியில் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் இரவு வகுப்பு கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள், ஆய்வகத்தோடு சேர்த்து பத்து மணி வரை. மாலை நேரத்தில் சான் மாட்டேயோ பாலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகுதிநேர வேலையை விட்டுவிட்டுத்தான் போகிறாள். உங்கள் வகுப்புக்கென்று வாங்கிய வீட்டுப்பாட இணையக் குறியீட்டைத் திறந்துவிட்டாள் என்று புத்தகக் கடை பணத்தைத் திருப்பித் தரவில்லை.

எங்களிடம் கார் இருக்கிறது. அந்த 11 பேரில் ஒரு பையன் பஸ்ஸில் வந்து படிப்பவன். அவன் இன்னும் ஓராண்டு இங்கேயே இருக்கப்போகிறான், அந்த ஒரு பாடத்துக்காக.

எந்தக் காலேஜைத் தேர்ந்தெடுப்பது என்று பெற்றோர்களிடம் பேசினால் பெயர்கள்தான் வந்து விழும். சான்டா மோனிகா காலேஜ் போனால் யூசிஎல்ஏ, டயப்லோ வேலி காலேஜ் போனால் பெர்க்லி. அதற்காக அறை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள்கூட உண்டு. பெயரில் விஷயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யூசிஎல்ஏ நடத்தும் டிரான்ஸ்ஃபர் கூட்டுத் திட்டத்தில் எல்லாக் காலேஜும் இல்லை. இருக்கும் காலேஜில் ஹானர்ஸ் என்ற கூடுதல் கடினப் பாடத்திட்டத்தில் படிக்கும் மாணவருக்குச் சில துறைகளில் அது கைகொடுக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, தேவைப்படும் பாடம் தேவைப்படும் செமஸ்டரில் நடக்குமா என்பது. உங்கள் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று அசிஸ்ட் என்ற இணையதளம் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்தப் பாடம் நடக்குமா என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் ஒரு செமஸ்டருக்கு மேல் சொல்வதில்லை. இரண்டாண்டுப் படிப்பை ஒரு செமஸ்டர் அட்டவணையை நம்பித் தேர்ந்தெடுங்கள் என்றால் எப்படி?

நெடுஞ்சாலை ஓரத்தில் உங்கள் பேனரைத் தினமும் பார்க்கிறேன். 'உங்கள் டிரான்ஸ்ஃபர் இங்கே தொடங்குகிறது.' தொடங்குவதில் சந்தேகமே இல்லை. பந்தியில் உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டு, ஆள் குறைவு, சோறு வடிக்கவில்லை என்று எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சொன்னால் சம்பந்தி சும்மா விட மாட்டார். 1960-ல் கலிபோர்னியா உயர்கல்வித் திட்டம் போட்டபோதே, கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என்ற பாதையைப் போட்டுவிட்டார்கள். 2010-ல் டிரான்ஸ்ஃபர் பட்டத்துக்கு ஒரு சட்டம். 2021-ல் மாநிலத்தின் எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் வேண்டும் என்று இன்னொரு சட்டம். நல்லது. நடக்காத வகுப்புக்கும் இனி மாநிலம் முழுக்க ஒரே எண் இருக்கும்.

கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாட அளவின் அலகுக்கு) 46 டாலர்தானே என்பீர்கள். கட்டணத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. எங்களுக்கு இல்லாதது காலம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை 21 வயதில் அந்த விசாவை இழக்கும். கிரீன் கார்டு வரிசை நகராத இந்தியக் குடும்பங்களில் இது வீட்டுக்கு வீடு பேச்சு. அப்புறம் மாணவர் விசாவுக்கு மாறினால், யூசியில் வெளிமாநிலக் கட்டணமாக ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாக வரும். விசா உங்கள் கையில் இல்லை, தெரியும். ஒரு செமஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். பத்துப் பதினொரு பேருக்கு ஒரு பேராசிரியரைப் போடுவது எவ்வளவு செலவு என்பதும், சேர்க்கையைப் பார்த்துத்தான் மாநிலப் பணம் வருகிறது என்பதும் புரிகிறது. வழிகள் இல்லாமல் இல்லை. தொடர் பாடங்களில் கடைசிப் பாகத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை விதியிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். பக்கத்துக் கல்லூரி மாவட்டத்தோடு பேசி, ஃபாலில் (ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில்) அவர்கள், ஸ்பிரிங்கில் நீங்கள் என்று பகிர்ந்துகொள்ளலாம். ரத்து செய்தே தீர வேண்டுமானால் டிசம்பரிலேயே சொல்லிவிடுங்கள், மற்ற இடங்களில் இருக்கை மிச்சமிருக்கும்போதே. எது செய்தாலும், இரண்டாண்டு அட்டவணையை வெளியிடுவது முதலில் நடக்கட்டும்.

போன மாதக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். நிகழ்ச்சி நிரலில் இல்லாததைக் குழு விவாதிக்கச் சட்டம் இடம் தராது என்று தலைவர் கனிவாக விளக்கினார். சரி. ஃபால் செமஸ்டர் பதிவு தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தேதியைச் சொல்லுங்கள், அந்த வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்தில் வரி கட்டும் ஒரு தாய்